எரியாமல் மிஞ்சிய பச்சை

தீ அணைந்த மூன்றாம் நாள் விடியற்காலை ஓடைப் பக்கம் போனோம். காற்று இன்னும் எழவில்லை. சலித்த மாவு மாதிரி தரையெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. சாம்பலில் தடம் விழுவது போல வேறெதிலும் விழாது. மழைக்காலச் சேற்றில்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. புள்ளிமான் குளம்பு, கடமான் குளம்பு, முள்ளம்பன்றி முள்ளை இழுத்துப் போன கோடு, அதற்குக் குறுக்கே ஒரு சிறுத்தையின் நான்கு அடி. என்னோடு வந்த இருளர் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே பக்கமாத்தான் போயிருக்குது, பாருங்க சார்" என்றார்.

தடம் போன வழியே போனோம். ஓடை வளைகிற இடத்தில் மூன்று ஏக்கர் இருக்கும், பச்சையாக நின்றது. நாவல், புங்கை, கரையோரம் நீர்மருது. உள்ளே கால் வைத்ததும் முகத்தில் பட்ட காற்றே வேறாக இருந்தது. நான்கைந்து புள்ளிமான்கள் எழுந்து நின்றன, ஓடவில்லை. வழக்கமாக மனித வாடை பட்டாலே பாய்கிறவை, அன்று எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. பெரியவர் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "இதுக்கு மேல போக வேண்டாம். நாம போனா அதுக வெளிய போகணும். வெளிய என்ன இருக்குது?"

முதுமலைக்குக் கிழக்கே, சீகூர்ப் பக்கத்துக் காடுகளில் தீத்தடுப்புக் காவலராகவும் பிறகு விலங்குக் கணக்கெடுப்பு உதவியாளராகவும் பல கோடைகளைக் கழித்தவன் நான். தீ அணைந்ததோடு வேலை முடிந்தது என்றுதான் முதலில் சில வருஷம் நினைத்திருந்தேன். எல்லோரும் கருகிய இடத்தைப் பார்த்துப் படம் எடுப்பார்கள், ஏக்கர் கணக்கு எழுதுவார்கள். எரியாமல் மிஞ்சிய பச்சைத் திட்டுகளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். ஆனால் தீக்குப் பிறகு மழை வரும்வரையிலான அந்த இரண்டு மாதம் காட்டு உயிர்கள் பிழைப்பது அந்தத் திட்டுகளை நம்பித்தான். அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வேறு காடுகளில் இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவினால் போதும்.

எங்கள் பக்கத்து நிலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுமலையில் மேற்கே மழை அதிகம். கிழக்கே மசினகுடி, சீகூர் என்று வரவர மழை குறைந்து முள்காடாகிவிடும். பிப்ரவரியில் மரங்கள் இலையை உதிர்த்துவிடும். புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். இடையிடையே உண்ணிச்செடி புதர். ஒரு பொறி போதும். அந்தப் பொறியும் பெரும்பாலும் தானாக வருவதில்லை, மனிதக் கைதான். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பிடித்த தீ பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டு முதுமலை எல்லைக்குள்ளும் வந்தது. அந்த மாதிரி தீயிலும் எல்லாம் எரிந்துவிடுவதில்லை. ஓடை வளைவு, ஊற்று கசியும் வயல் எனும் சதுப்பு நிலம், பாறைக்கூட்டத்தின் மறைவு, ஆற்றங்கரை மரங்கள் என்று அங்கங்கே மிஞ்சும். நீலகிரி மேட்டில் புல்வெளி எரிந்தாலும் சோலைக்காட்டின் விளிம்போடு தீ நின்றுவிடுவதும் இதே கணக்குதான்: நிழல், ஈரம், தரையில் காய்ந்த புல் இல்லாமை.

முதல் பாடம் நாங்களே செய்த தவறிலிருந்து வந்தது. ஒரு ஏப்ரல் மத்தியானம், தீ மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தீ தாண்டாமல் இருக்கப் புல்லைச் செதுக்கி வைத்த தீத்தடுப்புக் கோட்டிலிருந்து எதிர்தீ வைத்தோம், அதாவது வருகிற தீக்கு எரிய எதுவும் மிஞ்சாதபடி நாமே முன்னால் வைக்கும் தீ. காற்றும் ஒத்துழைத்தது, இரண்டு தீயும் சந்தித்து அணைந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கோட்டுக்கும் தீக்கும் நடுவில் ஒரு ஊற்றுப் பள்ளம் இருந்திருக்கிறது. பெரிய தீ அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். நாங்கள் வைத்த தீ இறங்கி வந்து அதைத் தின்றிருந்தது. பள்ளத்தின் அடியில் ஆமை ஓடுகள் ஆறு எண்ணினேன். ஒன்று என் உள்ளங்கை அளவு. தீக்குத் தப்பி ஈரம் தேடி வந்தவை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எதிர்தீ வைக்கும் முன் ஒரே கேள்வி கேட்போம்: நடுவில் என்ன இருக்கிறது? தெரிந்தவர் ஒருவர் கூட இல்லையென்றால் கோட்டை இன்னும் பின்னால் எடுத்துக்கொள்வோம், அல்லது பள்ளத்தின் மேல் விளிம்பிலேயே பச்சைத் தழையும் காற்றூதும் ப்ளோயரும் வைத்து நேரடியாக அணைப்போம். மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்தக் கேள்வி இரண்டாம் பட்சம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை மறக்கவே முடியாது. மத்தியானக் காற்றில், சரிவில், தீக்கு மேலே நிற்கவே கூடாது. எந்தப் பச்சைக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, எது மிஞ்சியது என்று கண்டுபிடிப்பது. சுலபம் போலத் தோன்றும், சுலபமில்லை. இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கையை மொபைலுக்கே அனுப்புகிறது. தீயை நோக்கி ஓட அது பெரிய உதவி. ஆனால் அந்த எச்சரிக்கை காட்டும் மிக நுணுக்கமான புள்ளிகூட 375 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் இருக்கும் மூன்று ஏக்கர் ஓடை வளைவு அதில் தெரியாது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக வரும், 10 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் காடு பிப்ரவரியில் இலையில்லாமல் நிற்கும். எரிந்ததும் எரியாததும் மேலிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு. ஆற்றங்கரையில் மேலே இலை பச்சையாக இருக்க, கீழே தரைத்தீ மொத்தச் சருகையும் தின்றுவிட்டுப் போயிருக்கும். படம் அதைப் பச்சை என்று காட்டும். அங்கே ஒரு கீரிக்குக்கூட மறைவு கிடையாது.

அதனால் படத்தை வைத்து எங்கே நடப்பது என்று மட்டும் முடிவு செய்வோம். மற்றது கால் வேலை. தீ அணைந்து ஒரு வாரத்துக்குள், காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், திட்டின் விளிம்பை மட்டும் சுற்றி வருவோம். உள்ளே போவதில்லை. நோட்டில் நான்கு விஷயம்தான்: தரையில் சருகு இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, தடம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, ஏன் எரியாமல் தப்பியது. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் முதலில் எழுதாமல் விட்டேன். பெரியவர்தான் பிடித்துக்கொண்டார். "இது காத்து திரும்பினதால தப்பிச்சது. அடுத்த வருஷம் போயிடும். அந்த வளைவு தண்ணியால தப்பிச்சது. அது எங்கப்பன் காலத்துலயும் எரியல." இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதினால் பலன் இல்லை. காற்றால் தப்பியது இந்தக் கோடைக்கு மட்டும் உதவும். நிலத்தால் தப்பியது தலைமுறைக்கு உதவும். ஆள் பலமும் பணமும் குறைவாக இருக்கும்போது இரண்டாவதைத்தான் முதலில் காக்க வேண்டும் என்பது என் முடிவு.

கண்டுபிடித்தாயிற்று என்றால் அடுத்த பத்து நாள் உண்மையான காவல். தீ அணைந்தது என்று எழுதிக் கொடுத்த பிறகும் தீ இருக்கும். விழுந்து கிடக்கும் பழைய தேக்குக் கட்டையின் வயிற்றில், மூங்கில் தூரில், காய்ந்த யானை லத்தியில் தணல் கிடக்கும். யானை லத்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேலே சாம்பல் பூத்து ஆறிப்போனது போல இருக்கும். காலால் உடைத்தால் உள்ளே சிவப்பாகக் கனலும். மத்தியானக் காற்றுக்கு அது உடைந்து பொறி பறந்தால், முதல் தீ விட்டுவைத்த பச்சையின் சருகில்தான் போய் விழும். எரிவதற்கு அங்கேதானே மிச்சம் இருக்கிறது.

நாங்கள் செய்வது: பச்சையின் விளிம்பிலிருந்து கருகிய பக்கமாக ஐம்பது அடிக்கு ஒவ்வொரு கட்டையையும் லத்தியையும் தொடாமல், புறங்கையைப் பக்கத்தில் காட்டிப் பார்ப்போம். சூடு தெரிந்தால் உடைத்து, மண்ணோடு பிசைந்து, மறுபடி காட்டிப் பார்ப்போம். விளிம்பைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண் தெரிய சருகை வாருவோம். வாரும்போது சருகைக் கருகிய பக்கமாகத் தள்ள வேண்டும். உள் பக்கம் குவித்துவிட்டால் நாமே அங்கே விறகு அடுக்கிக் கொடுத்த மாதிரி. பொந்து மரங்கள் புகைபோக்கி மாதிரி உள்ளுக்குள் எரிந்துகொண்டு நிற்கும். சிலர் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருவாச்சியும் அணிலும் மரநாயும் வீடு தேடும் மரங்கள் அவை. ஒன்று உருவாக நூறு வருஷம் ஆகும். விழுந்தால் பச்சைக்குள் விழும் என்ற நிலையில் இருப்பதை மட்டும் தொடலாம். மற்றதுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை இரவு இருக்க வைப்பது மேல்.

ஆற்றங்கரை மரங்களுக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. மாயாறு, சீகூர்ப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் பெரும்பாலும் நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. வருஷத்துக்கு ஒரே முட்டை. தீக்காலமும் குஞ்சு கூட்டில் இருக்கும் காலமும் ஒன்றாகவே வரும். கரையில் ஏறிய தீ மரத்தை எரிக்காவிட்டாலும், அடியில் புகை நின்றால் தாய்ப்பறவை எழுந்துவிடும். இந்தியா முழுக்கப் பெரும்பகுதி அழிந்துபோன பறவை அது. அந்த மரத்தடியில் சருகு வாருவதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை. கூடு கட்டும் முன்பே, மழை விட்ட கையோடு முடித்துவிட வேண்டும். கூட்டில் பறவை உட்கார்ந்த பிறகு அடியில் போய் நிற்கக் கூடாது.

இனி தண்ணீர். இதில் நல்ல மனசுதான் கெடுதல் செய்தது. தீ செய்தியைக் கேட்டு வெளியூரிலிருந்து ஒரு குழு உதவ வந்தது. விலங்குகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே தொட்டி வைக்கலாம் என்று, ஓடை வளைவுப் பச்சைக்குள் சிமெண்ட் தொட்டி இறக்கினார்கள். டேங்கர் போக வழி வெட்டினார்கள். நானும் அப்போது தலையாட்டினேன். பத்தே நாளில் சுற்றியிருந்த தழை, கன்று எல்லாம் இடுப்பு உயரம்வரை மொட்டை. டேங்கர் வழியில் மாடு வந்தது, பைக் வந்தது, பின்னாலேயே நாய் வந்தது. மூன்று ஏக்கர் இடத்தில் அத்தனை விலங்கும் ஒரே தொட்டியில் வாய் வைத்தால் நோய் பரவவும் வேறு எதுவும் வேண்டாம். கோமாரி மாட்டிலிருந்து காட்டெருமைக்குப் போகக்கூடியது.

மறு வருஷம் தொட்டியை எடுத்து, இரண்டு பச்சைத் திட்டுக்கு நடுவே கருகிய வெளியில், ஏற்கெனவே ஜீப் பாதை இருக்கும் இடத்தில் வைத்தோம். விலங்கு நடந்து வந்து குடித்துவிட்டுத் திரும்பும். பச்சைக்குள் இருக்கும் மேய்ச்சலும் தப்பியது. மணல் ஓடையில் யானை தோண்டிய ஊற்றுகளை நாம் ஆழப்படுத்தவே கூடாது. யானை குடித்துப் போன பிறகு அதில் மானும் குரங்கும் காட்டுக்கோழியும் முறை வைத்துக் குடிக்கும். தீவனம் போடுவதும் அப்படித்தான். கட்டுக் கட்டாகப் புல் கொண்டுவந்து போட மனசு துடிக்கும். போடாதீர்கள். காடு எரிந்த அடுத்த வாரமே மான்கள் இரவில் கருகிய வெளிக்கு வந்து சாம்பலை நக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோடை மழை விழுந்தால் பத்து நாளில் கருப்புக்குள்ளிருந்து பச்சை ஊசி மாதிரி புல் முளைக்கும். பகலில் திட்டுக்குள் மறைவு, இரவில் வெளியே மேய்ச்சல் என்று அவை தாமாகவே ஒரு முறை வைத்துக்கொள்கின்றன. நாம் அதைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

கலைப்பவர்களைத் தடுப்பதுதான் பெரிய பாடு. தீக்குப் பிறகு தரை வெட்ட வெளியாகிவிடுவதால் மான் உதிர்த்த கொம்பு தூரத்திலிருந்தே தெரியும். பொறுக்க ஆள் வரும். விறகுக்கு ஆள் வரும். விலங்கெல்லாம் ஓரிடத்தில் ஒண்டியிருக்கிறது என்று வேட்டைக்காரனுக்கும் தெரியும். ஒருமுறை திட்டுக்குள் நுழையும் மான் தடத்தில் ஒரே காலையில் ஏழு சுருக்கு எடுத்தோம், எல்லாம் பைக் பிரேக் கம்பி. முழங்கால் உயரத்தில், கருகிய குச்சியோடு குச்சியாகக் கட்டியிருந்தார்கள், கண்ணுக்கே தெரியாது. அன்றிலிருந்து விளிம்பு நடையில் முன்னால் போகிறவர் கையில் நீளக் குச்சி ஒன்றைத் தரையோடு ஆட்டிக்கொண்டே போவார். கம்பி இருந்தால் குச்சியில் சிக்கும்.

நாய்களைப் பற்றி ஊரில் பேசினால் கோபப்படுவார்கள். ஆனாலும் பேச வேண்டும். 2019-20 தீயில் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு ஏறக்குறைய பாதி எரிந்தது. அங்கே மட்டுமே வாழும், எலி அளவிலான டன்னார்ட் வகைப் பைப்பாலூட்டி ஒன்று மிஞ்சிய திட்டுகளில் ஒண்டியிருந்தது. தீயில் தப்பியதைப் பூனைகள் தின்றுவிடக் கூடாது என்று, எரியாத ஒரு பகுதியைச் சுற்றிப் பூனை நுழையாத வேலியே போட்டார்கள். இங்கே யானை நடக்கும் காட்டில் வேலி போட முடியாது, போடவும் கூடாது. அங்கே பூனை செய்வதை இங்கே ஊர் நாய் செய்கிறது. தீக்குப் பிந்தைய இரண்டு மாதம் நாயைக் கட்டிப் போடச் சொல்லி வீடு வீடாகப் போனோம். சிலர் கேட்டார்கள்.

மாடு மேய்ப்பவர்களிடம் பேசியதுதான் எனக்குப் பெரிய படிப்பு. நான் சட்டம் பேசப் போனேன். ஒரு அம்மா நிறுத்தினார்: "காடு எரிஞ்சா உன் மானுக்கு மட்டுமா பசி? எம் மாடு எங்க போகும், சொல்லு சாமி." பதில் இல்லை என்னிடம். இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம். எந்தெந்தத் திட்டுக்குள் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கெங்கே மாடு போகாமல் இருந்தால் அவர்களுக்கும் ஓடைத் தண்ணீர் மே மாதம்வரை நிற்கும் என்று அவர்களே சொன்னார்கள். ஐந்து இடம் சொன்னார்கள். என் பட்டியலில் இருந்ததில் நான்கு அதில் இருந்தது. ஐந்தாவது எனக்குத் தெரியாத ஊற்று. அந்தக் கோடையில் அந்த ஐந்துக்கும் காவல் அவர்கள்தான் போட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

உண்ணிச்செடி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை எடுக்கத்தான் வேண்டும். தீயை மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடும் ஏணி அது. எரிந்தாலும் தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும். ஆனால் தீ முடிந்த உடனே பச்சைத் திட்டுக்குள் புகுந்து வெட்டாதீர்கள். அந்த வாரம் அதற்குள் முயலும் காட்டுக்கோழியும் கடமான் குட்டியும் படுத்திருக்கும். மழை வந்து சுற்றிலும் மறைவு வந்த பிறகு, விளிம்பிலிருந்து தொடங்கி, தூரோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே போகலாம். அப்போதும் ஒரே வருஷத்தில் முடிக்க வேண்டியதில்லை.

ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒண்டியிருக்கும் இடத்தில் புலியும் இருக்கும், கரடியும் இருக்கும், ஒற்றை யானையும் இருக்கும். தனியாகப் போகாதீர்கள், மாலையில் போகவே போகாதீர்கள். அத்தனை விலங்கும் ஒரே நிழலில் படுப்பதால் உண்ணியும் அங்கே நிறைய. ஒரு சுற்று போய் வந்தால் காலில் முப்பது நாற்பது எடுப்போம்.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் 50 ஹெக்டேரை அளந்து வைத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு வைத்து வருகிறார்கள். தீ பெரும்பாலும் சாய்ப்பது சின்னக் கன்றுகளை, பெரிய மரங்கள் தாங்கிக்கொள்கின்றன என்பதை நடந்து பார்த்த எங்களுக்கும் கண் சொல்கிறது. அடிக்கடி எரியும் இடத்தில் கன்று மரமாக வளர நேரமே கிடைப்பதில்லை. எரியாத வளைவுகளில் நாவல் கன்று என் தோளுக்கு நிற்கிறது. பறவையும் மந்தியும் மரநாயும் பழத்தைத் தின்று விதையைக் கருகிய வெளியில் போடுவது அங்கிருந்துதான். முன்பெல்லாம் பனி இருக்கும்போதே தரைப் புல்லைச் சின்னச் சின்னதாகக் கொளுத்துவார்கள், பெருந்தீ வராது என்று பெரியவர் சொல்வார். சட்டப்படி இன்று அது முடியாது, அறிஞர்களிடமும் அதில் ஒத்த கருத்து இல்லை. என்னைக் கேட்டால், அந்த அறிவை அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதையாவது தள்ளிப்போடக் கூடாது.

இப்போது என் நோட்டில் ஒன்பது இடம் இருக்கிறது, நான் கணக்கெடுத்த மூன்று தீயிலும் எரியாமல் நின்றவை. ஒவ்வொன்றுக்கும் பெரியவரிடம் ஒரு பெயர் உண்டு. அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருக்கிறேன். தீத்தடுப்புக் கோடு போடும் வேலை ஜனவரியில் தொடங்கும்போது, சாலையோரத்துக்கு முன்னால் இந்த ஒன்பதையும் சுற்றி வர வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆறு முடிந்தது. ஏழாவதில் நேற்று சருகு வாரப் போனபோது ஓடைக்கரையில் பன்றி கிளறிய மண் ஈரமாக இருந்தது, கடமான் ஒன்று பகலிலேயே படுத்திருந்தது. அது எழுந்து போகட்டும் என்று வாரியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தோம். நாளைக் காலை மறுபடி போக வேண்டும்.